கண்ணை மூடினாலும் தெரிகிற பூனை

எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து கூடத்து டிவி தெரியாது. ஆனாலும் அம்மா உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "என்னடா, பூனை படியிலேருந்து உருண்டுடுச்சா?" என்று கேட்பாள். உருண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "எலி ஒளிஞ்சுண்டு எட்டிப் பார்க்கறதா?" என்பாள். எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். 1996ஆம் வருஷம், மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊருக்குக் கேபிள் வந்த புதிது. எனக்குப் பதினொரு வயது. அம்மாவுக்கு எப்படித் தெரிகிறது என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு நாற்பதைத் தொடுகிறேன். நடுவில் எத்தனையோ படங்கள், எத்தனையோ கச்சேரிகள். அந்த ஆச்சரியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் எங்கள் தெருவுக்கு இது புதிய சங்கதி இல்லை. கோயிலில் சாமி புறப்பாடு என்றால் நாகஸ்வரத்தில் மல்லாரி வரும். தளிகைக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தேருக்கு ஒன்று. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிகள் எழுந்துகூடப் பார்க்க மாட்டார்கள். வாசிப்பைக் கேட்டே என்ன நடக்கிறது, சாமி எங்கே வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஊரில் வளர்ந்த அம்மாவுக்கு ஒரு பூனை படியில் விழுவதைக் கேட்டுச் சொல்வதா கஷ்டம்?

அம்மாவின் தம்பி தவில் வாசிப்பவர். முகூர்த்தம் முடிந்து மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தால், சாப்பிட்ட கையோடு என் பக்கத்தில் வந்து உட்காருவார். முதல் நாள் சும்மா பார்த்தார். இரண்டாம் நாள் தொடையில் விரல் போக ஆரம்பித்தது. டாம் அண்ட் ஜெர்ரியில், பூனை டாம் ஓடிவந்து சுவரில் மோதி, ஒரு கணம் அப்படியே ஒட்டிக்கொண்டு, மெல்ல வழுக்கிக் கீழே வரும் இடம். "இடம் தெரிஞ்சு வாசிக்கிறான் மாப்ளே. அறுதி எங்க வெச்சான் பாரு" என்றார். "யாரு மாமா?" என்று கேட்டேன். "பூனை இல்லடா. பின்னாடி உட்கார்ந்து வாசிக்கிறான் பாரு, அவன்."

கார்ட்டூனுக்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

படத்தின் தலைப்பு அட்டையில் அந்தப் பெயர் பெரும்பாலும் இருக்கும். நான்தான் படித்ததில்லை. ஸ்காட் பிராட்லி. 1891இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். வில்லியம் ஹானாவும் ஜோசப் பார்பெராவும் எம்ஜிஎம் ஸ்டூடியோவுக்காக 1940 முதல் எடுத்த டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்கள் மொத்தம் 114. அவற்றில் ஒன்றே ஒன்று தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இசை இவர்தான். அந்த ஒன்று 1953இல் வந்த 'தி மிஸ்ஸிங் மவுஸ்'. எட்வர்ட் பிளம் செய்தது. அதைத் தனியாகப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. மற்றவற்றோடு சேர்த்துப் பார்த்தால், வழக்கமாக வாசிக்கும் செட்டுக்குப் பதில் வெளியூர் செட்டு வந்து வாசித்த திருவிழா போல ஏதோ ஒன்று மாறியிருக்கும்.

டாமும் ஜெர்ரியும் பெரும்பாலும் பேசுவதில்லை. டாமின் அந்த அலறல் இருக்கிறதே, அது ஹானாவின் சொந்தக் குரல். அதைத் தவிர்த்தால் அந்த வீட்டில் பேச்சு என்று இருப்பது எப்போதாவது ஒரு வரி. அப்படியானால் டாம் என்ன நினைக்கிறான், ஜெர்ரிக்கு எப்போது இரக்கம் வந்தது, எப்போது பொய்யாக அழுகிறது என்பதெல்லாம் நமக்கு எப்படிப் புரிகிறது? கோடுகளால் பாதி, பிராட்லியால் பாதி. இசையை அந்தப் படங்களுக்குப் 'பின்னணி' என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். அதுதான் அவர்களுடைய பேச்சு.

இதன் வேலைமுறையைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மரியாதை இன்னும் கூடியது. சினிமாச் சுருளில் நொடிக்கு 24 ஃபிரேம். டாம் ஒரு அடி எடுத்துவைக்க 12 ஃபிரேம் என்று வைத்தால் நொடிக்கு இரண்டு அடி, நிமிடத்துக்கு 120. அதையே 8 ஃபிரேமாக்கினால் நிமிடத்துக்கு 180, ஓட்டம் பிடித்துவிட்டான் என்று அர்த்தம். நடையும் காலமும் ஒரே கணக்கு. ஹானாவுக்குத் தாளஞானம் உண்டு. ஒவ்வொரு அசைவும் எத்தனை ஃபிரேம் என்று முன்கூட்டியே தாளில் எழுதிவைப்பவர். பிராட்லி அந்தக் கணக்குத் தாளை வைத்துக்கொண்டு ஸ்வரம் எழுதுவார். பிறகு சுமார் இருபது பேர் கொண்ட ஒரு சிறிய ஆர்கெஸ்ட்ரா, காதில் 'டிக் டிக்' என்று விழும் தாளக் குறியைக் கேட்டபடி, சேர்ந்து வாசிக்கும். அந்த டிக் சத்தத்துக்கு க்ளிக் டிராக் என்று பெயர். ஒருவர் பிசகினால் பூனை விழுந்த பிறகு சத்தம் வரும், அல்லது விழுவதற்கு முன்னே வரும். இரண்டுமே சிரிப்பைக் கொன்றுவிடும்.

மாமாவிடம் பல வருஷம் கழித்து இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் வியப்பில்லை. "நடைக்கு வாசிக்கிறதுதானே நம்ம பொழைப்பு" என்றார்.

பிராட்லி வேடிக்கைக்காக எழுதியவர், அதனால் சுலபமாக எழுதினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பார்டோக், ஸ்ட்ராவின்ஸ்கி, ஹிண்டமித் போன்ற அந்தக் காலத்துப் புதுமைக்காரர்களை ஆழ்ந்து கேட்டவர். 1944இல் வந்த 'புட்டிங் ஆன் தி டாக்' படத்தில் ஷோன்பெர்கின் பன்னிரண்டு ஸ்வர முறையைப் பயன்படுத்தியிருக்கிறார். நம் பாஷையில் சொன்னால், பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் ஒரு சுற்று வந்த பிறகே எதுவும் திரும்ப வரலாம், எதற்கும் ஆதார ஷட்ஜம் என்ற அந்தஸ்து கிடையாது. கச்சேரி அரங்கில் அதை வாசித்தால் அந்தக் காலத்தில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். ஒரு பூனை நாய்த்தலையை மாட்டிக்கொண்டு நாய்க்கூட்டத்துக்குள் நுழைகிற படத்தில் அதையே வைத்தால் ஆறு வயதுக் குழந்தையும் அசையாமல் கேட்கிறது. ஏனென்றால் அங்கே அது பொருந்துகிறது. கால் ஊன்ற இடமில்லாத ஓட்டத்துக்கு, கால் ஊன்ற ஸ்வரமில்லாத இசை.

எல்லோரும் கொண்டாடுவது 'தி கேட் கான்செர்ட்டோ'. ஆஸ்கர் வாங்கிய படம். டாம் கோட்டு சூட்டோடு மேடைக்கு வந்து பியானோவில் லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரியன் ராப்சடி வாசிக்க, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி எழுந்துகொள்கிறது. அதே சமயத்தில் வார்னர் பிரதர்ஸும் பக்ஸ் பன்னியை வைத்து, அதே ராப்சடியில், 'ராப்சடி ராபிட்' என்று ஒரு படம் எடுத்து வைத்திருந்தது. யார் யாரைப் பார்த்து எடுத்தார்கள் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் டாமின் படம்தான் நிற்கிறது. பக்ஸ் பன்னி நம்மைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே வாசிக்கிறது. டாம் கடைசிவரை ஒரு வித்வானாகவே இருக்கப் பார்க்கிறான். அவமானம் வரும்போதும் வாசிப்பை நிறுத்துவதில்லை. மேடையில் நின்ற எவருக்கும் அந்தத் தவிப்பு தெரியும்.

ஆனால் என்னை ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னால் 1946இல் வந்த 'சாலிட் செரினேட்' என்பேன். ஒரு பெண்பூனையின் ஜன்னலுக்குக் கீழே நின்று டாம் டபுள் பாஸை வாசித்துக்கொண்டு பாடுகிறான். லூயி ஜோர்டன் பாடிப் பிரபலமான பாட்டு அது. டாமுக்குப் பாடியவர் ஐரா 'பக்' வுட்ஸ். அந்தக் குரலில் இருக்கிற சுகமான சோம்பல், பாஸ் தந்தியை விரல் இழுத்துவிடும் இடம், அந்தக் கருவி மேலேயே ஏறி டாம் குதித்துக்கொண்டு போவது, எல்லாம் ஒரே மூச்சு. ராத்திரி பத்து மணிக்கு ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். அந்தப் பாஸ் உங்கள் நெஞ்செலும்பில் கேட்கும்.

இன்னொன்றும் உண்டு: 'டாம் அண்ட் ஜெர்ரி இன் தி ஹாலிவுட் பவுல்', 1950. லாஸ் ஏஞ்சலஸில் நிஜமாகவே இருக்கும் அந்தத் திறந்தவெளி அரங்கில் பூனைகளின் ஆர்கெஸ்ட்ராவை டாம் நடத்துகிறான். யோஹான் ஸ்ட்ராஸின் 'டி ஃப்ளேடர்மவுஸ்' முகப்பிசை. ஜெர்ரிக்கும் நடத்த ஆசை, டாம் விட மறுக்கிறான். கடைசியில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராய்க் காணாமல் போக, டாம் ஒருவனே ஓடி ஓடி எல்லா வாத்தியத்தையும் வாசிக்கிறான். கல்யாண மண்டபத்தில் பக்கவாத்தியம் வராத நாளில் மாமா பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். அந்தக் காட்சியில் என்னால் பாதிதான் சிரிக்க முடியும்.

அந்த நாட்களில் ராத்திரியானால் கார்ட்டூன் நெட்வொர்க் போய், அதே சேனலில் டிஎன்டி வரும். எம்ஜிஎம்மின் பழைய படங்கள் போடுவார்கள். அப்பா பார்ப்பார், நான் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். ஒரு நாள் 1944ஆம் வருஷத்துப் படமான 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' ஓடிக்கொண்டிருந்தது. ஜூடி கார்லண்ட் ஒரு டிராம் வண்டிப் பாட்டுப் பாடினார். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது டாம் துரத்தும்போது வருகிற மெட்டு! எம்ஜிஎம்முக்குச் சொந்தமான பாட்டுகளை பிராட்லி தன் கார்ட்டூன்களில் தாராளமாகக் கோத்துக்கொள்வார் என்று அப்புறம்தான் தெரிந்தது. பெரிய படமும் சின்னப் படமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அந்த ராத்திரி எனக்குப் புரிந்தது. 1945இல் 'ஆங்கர்ஸ் அவேய்' படத்தில் ஜீன் கெல்லியோடு ஜெர்ரி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். கெல்லியை முதலில் தனியாக ஆடவைத்து எடுத்துவிட்டார்கள். பிறகு ஃபிரேம் ஃபிரேமாக ஜெர்ரியை வரைந்து சேர்த்தார்கள். பளபளக்கும் தரையில் கெல்லியின் பிம்பம் விழுகிறது, ஜெர்ரிக்கு இல்லையே என்று, அதையும் உட்கார்ந்து வரைந்தார்கள். யாரும் கவனிக்கப் போவதில்லை என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை.

டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' பற்றி நண்பர்கள் எப்போதும் கேட்பார்கள். 1940, ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரா. பெரிய முயற்சிதான், மரியாதை உண்டு. ஆனால் அங்கே இசை முன்னே நடக்க, படம் குடை பிடித்துக்கொண்டு பின்னே வருகிறது. எனக்குப் பிடித்தது இரண்டும் தோளில் கைபோட்டு நடப்பது. அந்த வகையில் வார்னர் பிரதர்ஸில் கார்ல் ஸ்டாலிங் ஒரு ராஜா. அவரும் 1891இல் பிறந்தவர். கான்சஸ் சிட்டியில் ஊமைப்படத் தியேட்டரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர். திரையைப் பார்த்த நொடியில் விரல் முடிவெடுக்கும் பழக்கம் அங்கே வந்தது. அங்கேயே இயக்குநர் சக் ஜோன்ஸ் வாக்னரின் மணிக்கணக்கான இசைநாடகங்களை ஏழு நிமிடத்துக்குள் அடக்கிய 'வாட்ஸ் ஆப்பரா, டாக்?' 1957இல் வந்தது. அதற்கு இசை ஸ்டாலிங் அல்ல, அவருடைய சகா மில்ட் ஃப்ராங்க்ளின். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் முதன்முதலாக வாக்னரைத் தேடிக் கேட்டேன்.

1957இல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. பிராட்லியும் ஓய்வு பெற்றார். பிறகு ஹானாவும் பார்பெராவும் டிவிக்குப் போனார்கள். அங்கே காசு குறைவு, நேரமும் குறைவு. முன்பே பதிவுசெய்து வைத்த இசைத்துண்டுகளை எடுத்து எடுத்து ஒட்டும் வழக்கம் வந்தது. ஓட்டத்துக்கு ஒரு துண்டு, ஒளிந்து நடப்பதற்கு ஒரு துண்டு. அந்தத் தொடர்களையும் நான் ஆசையாகப் பார்த்திருக்கிறேன், ஹாய்ட் கர்ட்டினின் துள்ளலான மெட்டுகள் எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே ஓடுகிறவன் எந்த வேகத்தில் ஓடினாலும் இசை ஒரே வேகம்தான். அவனைப் பார்த்து யாரும் வாசிக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஜீன் டைச் பிராகாவிலிருந்து 13 டாம் அண்ட் ஜெர்ரி செய்து அனுப்பினார். குகைக்குள் கேட்பது போல ஒரே எதிரொலி. பலர் அவற்றைத் திட்டுவார்கள், நான் திட்ட மாட்டேன். குறைந்த பணத்தில், மூலப் படங்களில் சிலவற்றை மட்டுமே பார்த்துவிட்டு உழைத்தவர்கள் அவர்கள். ஆனால் சிறுவனாக இருந்தபோதே அந்த எபிசோடு வந்தால் அம்மா அடுக்களையிலிருந்து ஒன்றும் கேட்க மாட்டாள் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

ஆர்.ஆர். என்று நம் ஊரில் சொல்கிறோமே, ரீ-ரெக்கார்டிங், அதில் வளர்ந்த தமிழ் ரசிகனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரீலைப் பார்த்துவிட்டு இளையராஜா உட்கார்ந்து தாளில் எழுத, ஒரு கூடம் நிறைய வாத்தியக்காரர்கள் அதைப் படித்து அன்றைக்கே வாசித்த படங்களையும், பிற்பாடு கீபோர்டில் ஒட்டிச் சேர்த்த படங்களையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வோம். மூச்சுக்காற்று இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

எனக்கு நெடுநாள் மனவருத்தம் ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய திறந்தவெளி சினிமா இசை நிகழ்ச்சிக்கு, ஒரு மாதம் சேர்த்து வைத்த பணத்தில் டிக்கெட் வாங்கிப் போனேன். மேடையில் வயலின்காரர்கள் மட்டுமே முப்பது பேர் இருப்பார்கள். இரண்டாவது பாட்டிலேயே தெரிந்துவிட்டது. வில் மேலே போகும்போது ஸ்வரம் முடிந்துவிட்டிருக்கிறது. பெட்டியிலிருந்து வரும் பதிவு முன்னே போக, அத்தனை பேரும் அதன் மேல் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள். அவர்களை நம்பாமல் போனதுதான் எனக்கு வலித்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.

அப்படிப்பட்ட மனநிலையில்தான் அந்த வீடியோவைப் பார்த்தேன். 2013, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால், பிபிசி ப்ராம்ஸ் இசைவிழா. ஜான் வில்சன் தன் ஆர்கெஸ்ட்ராவோடு ஹாலிவுட் இசை வாசித்த மாலை. அதற்குப் பின்னே ஒரு துக்கக் கதை இருக்கிறது. 1970ஐ ஒட்டி எம்ஜிஎம் கைமாறிச் சுருங்கியபோது, அதன் இசை நூலகத்தில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த ஆர்கெஸ்ட்ராத் தாள்கள் பள்ளம் நிரப்பும் குப்பையோடு குப்பையாய்ப் போய்விட்டன. இருபது வாத்தியம், ஐம்பது வாத்தியம், ஒவ்வொன்றுக்கும் கையால் எழுதிய தாள். வில்சன் பழைய படங்களின் ஒலித்தடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியத்தையும் காதால் பிரித்து, அந்தப் பாட்டுகளைத் தாளில் மீட்டெழுதுவதில் பல வருஷம் செலவழித்தவர். அந்த மாலை நிகழ்ச்சியில் ஒரு பகுதி, ஸ்காட் பிராட்லியின் டாம் அண்ட் ஜெர்ரி இசை.

திரையில் பூனையும் இல்லை, எலியும் இல்லை. வயலின்கள் வழுக்குகின்றன, டிராம்போன்கள் தள்ளாடுகின்றன, தாளவாத்தியக்காரர்கள் ஒரு கருவியை வைத்துவிட்டு இன்னொன்றுக்குப் பாய்கிறார்கள். சபை சிரிக்கிறது. ஆயிரக்கணக்கான பேர், எதிரே எதுவும் ஓடாதபோது, ஒரே நொடியில் சிரிக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பூனை தெரிகிறது. அம்மா அடுக்களையிலிருந்து பார்த்தது போலவே. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படத்தைத் திரையில் ஓடவிட்டு ஆர்கெஸ்ட்ரா நேரில் வாசிக்கும் நிகழ்ச்சிகள் இப்போது உலகமெங்கும் நடக்கின்றன. கார்ட்டூனுக்கு இதை முன்பே செய்து காட்டியவர் ஜார்ஜ் டாஹர்ட்டி. 1990இல் 'பக்ஸ் பன்னி ஆன் பிராட்வே' என்று தொடங்கினார். வசனம் நிறைந்த படங்களுக்கு இது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பேச்சு வரும்போதெல்லாம் ஆர்கெஸ்ட்ரா கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கார்ட்டூனுக்கும் சாப்ளினின் ஊமைப்படங்களுக்கும் மட்டும் அப்படிப் பொருந்துகிறது. சென்னையில் ஒருநாள், ஒரு இருபது பேர், காதில் டிக் சத்தத்தோடு, 'சாலிட் செரினேட்'டை வாசித்தால் நான் முதல் வரிசையில் தரையில் உட்காரவும் தயார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமாவுக்கு அந்த வீடியோவை ஃபோனில் போட்டுக் காட்டினேன். இப்போது அவர் தவிலைத் தொடுவதில்லை, தோள்பட்டை வலி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஃபோனை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். நடத்துபவரைப் பார்க்கவில்லை, முதல் வரிசை வயலினையும் பார்க்கவில்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பின்னாடி நின்னவர் ஒரே ஒரு அடிக்காகக் கையைத் தூக்கி வெச்சுண்டு நின்னாரே, அதுக்கு முன்னாடி எத்தனை அட்சரம் சும்மா இருந்தார், எண்ணினியா மாப்ளே?"

"இல்லையே மாமா."

"திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். மாமா இடதுகை விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தார். அடுக்களையில் அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தியிருந்தாள்.